ஒரு கோடு மேலே

மகனே,

உனக்கு இன்னும் பெயர் இல்லை. எனக்குப் பதினைந்து வயது முடிந்து மூன்று மாதம் ஆகிறது. இன்று மத்தியானம் ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து, வேலையாட்களை மேற்பார்க்கும் ஒரு மண்டோரின் குடும்பம் என்னைப் பெண் பார்க்க வந்தது. அவித்த மரவள்ளிக் கிழங்கையும் சீனி போடாத காப்பியையும் சாப்பிட்டுவிட்டு, அடுத்த மாதமே முடித்துவிடலாம் என்று சொல்லிப் போனார்கள். ஜப்பான்காரன் வந்த நாளிலிருந்து எங்கள் தோட்டத்தில் வயதுக்கு வந்த பெண்ணை யாரும் வீட்டில் வைத்திருப்பதில்லை. கணக்கு எழுதும் கிராணி மகள், அதற்கு ஒரு படி கீழே மண்டோர் மகன் என்றெல்லாம் இப்போது யாரும் பார்ப்பதும் இல்லை. மாப்பிள்ளையின் அத்தை என் கையைத் திருப்பிப் பார்த்து, "பென்சில் பிடிச்ச கை. வாளி தூக்குமா?" என்று கேட்டாள். அம்மா விடவில்லை. "ரெண்டு வாளி தூக்கும். வாய்தான் கொஞ்சம் நீளம், அத நீங்க பாத்துக்குங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர்கள் போன பிறகுதான், நீ என்று ஒருவன் உண்மையாகவே வரக்கூடும் என்பது எனக்கு உறைத்தது. நீ மகளாக இருந்தால் நான் எழுதப்போவதில் பாதி உனக்குச் சொல்லாமலே தெரிந்திருக்கும். அதனால் மகன் என்றே வைத்துக்கொள்கிறேன். நீ வளர்ந்து, வேலைக்குப் போய், உன் வாய்ச்சொல்லை நம்பி இன்னொருவர் நிற்கிற நிலைமைக்கு வந்த பிறகு இதைப் படி.

ஆள் வருகை குறிக்கும் பழைய செக்ரோல் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். சார்டின் டின்னில் செம்பனை எண்ணெய் ஊற்றித் திரி போட்டிருக்கிறேன். வெளிச்சம் வெளியே தெரியாமல் இருக்கப் பலகைக் கதவின் இடுக்கில் என் பாவாடையை அடைத்திருக்கிறேன். தங்கை பக்கத்தில் தூங்குகிறாள். அவளிடம் சொன்னால் விடிவதற்குள் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஆகையால் உன்னிடம் சொல்கிறேன். நாளைக் காலை நான் லிங்கிக்குப் போகிறேன். அங்கே ஜப்பான்காரர்கள் வைத்திருக்கும் ஆராய்ச்சிக் கூடத்தில் போய், எங்கள் பௌதிக மாஸ்டர் அடி வாங்கியது என்னால்தான், தப்பு என்னுடையது என்று சொல்லப்போகிறேன். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை அவரைச் சயாமுக்கு ரயில்பாதை போட ஏற்றிவிடுவார்கள். சொன்னால், ஜப்பான்காரன் இடத்துக்குத் தானாகப் போய்வந்த பெண் என்று பெயர் வரும், கல்யாணம் நின்றுபோகும். அப்படி நின்றுபோனால் நீ பிறக்காமலே போகலாம். அதை முதலில் உன்னிடம் சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று பட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர், வயது இருபத்தைந்துகூட இருக்காது. அவரிடம் ஒரே ஒரு கழுத்து டை உண்டு. சண்டைக்கு முன்பும் அதைத்தான் கட்டினார், இப்போதும் அதைத்தான் கட்டுகிறார். என்னோடு படிக்கும் கமலம் ஒரு துண்டுச் சணல் கயிற்றைக் கழுத்தில் முடிந்துகொண்டு, "பிள்ளையள், இதை வடிவாப் பாருங்கோ" என்று அவர் மாதிரி பேசிக் காட்டுவாள். இப்போது பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கிடையாது. காலையில் ஜப்பான் பாட்டு, பிறகு மரவள்ளித் தோட்டத்தில் களை பிடுங்குவது, அவ்வளவுதான். ஆனாலும் அவர் மழை பெய்கிற நாட்களில் எங்களை உள்ளே உட்காரவைத்துப் பலகையில் ஏதாவது வரைவார். ஒரு நாள் ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எப்படி நிற்கும் என்று வரைந்தார். தண்ணீர் கண்ணாடியை ஒட்டி ஓரத்தில் கொஞ்சம் ஏறி நிற்கும், நடுவில் குழிந்திருக்கும். "குழியின்ர அடியைத்தான் வாசிக்கவேணும், ஏறி நிக்கிற ஓரத்தை இல்லை" என்றார். நான் அதைக் கேட்டேன், எழுதவும் செய்தேன். ஆனால் எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே என்று நினைத்துக்கொண்டேன். உன் தாய் செய்த முதல் தப்பு அதுதான்.

எனக்குத் தெரிந்தது வேறு. அப்பா ரப்பர்ப் பால் ஸ்டோரில் கிராணி. மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வெட்டுக்காரர்கள் கொண்டுவரும் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா, ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கு ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அடியில் குண்டு, மேலே மெல்லிய காம்பு, காம்பில் கோடுகள். பாலில் விட்டால் மிதக்கும். எந்தக் கோடு வரை முங்குகிறதோ அதுதான் கணக்கு. சண்டை வந்த முதல் வாரத்தில் அப்பாவின் மூக்குக்கண்ணாடி உடைந்துபோனது. அதற்குப் பிறகு ஸ்டோரில் நான்தான் கோடு பார்த்துச் சொன்னேன். பால் வெள்ளை. அதற்குள்ளே குழியின் அடி தெரியாது, காம்பை ஒட்டி ஏறி நிற்கும் ஓரம் மட்டும்தான் தெரியும். ஆகவே ஓரத்தையே பார்த்துச் சொல்வோம். ரப்பர் தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் நூறு முறை, இருநூறு முறை சொல்லியிருப்பேன். நிமிர்ந்து நின்றபடியே சொல்லும் அளவுக்குப் பழகியிருந்தது.

போன செவ்வாய்க்கிழமை மாஸ்டர் எங்களில் பதினோரு பேரை லாரியில் ஏற்றி லிங்கிக்குக் கூட்டிப்போனார். அந்த லாரியே ரப்பர் எண்ணெயில்தான் ஓடியது. "என்ன நாத்தம்டி இது. ஷீட்டுக்குப் பொக போடுற ஸ்மோக் ஹவுஸ தூக்கி லாரியில வச்ச மாதிரி இருக்கு லா" என்று கமலம் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். ஜப்பானில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த ஆராய்ச்சிக்காரர் ஒருவர் அங்கே ஒரு தோட்டத்து ஸ்டோரைக் கூடமாக மாற்றி, ரப்பர் ஷீட்டைக் காய்ச்சி பெட்ரோல் எடுக்கப் பார்க்கிறார். அவருக்குக் கருவிகளில் கோடு பார்க்க இரண்டு பிள்ளைகள் வேண்டுமாம். வேலை செய்தால் வாரத்துக்கு ஒரு காந்தான் அளவு அரிசி தருவார்களாம். லாரியில் யாரும் பௌதிகத்தைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் அரிசியைப் பற்றித்தான் பேசினோம். இரண்டு இடம், பதினோரு பேர்.

ஆனால் உள்ளே போனதும் அரிசியைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டேன் என்பதையும் உனக்குச் சொல்ல வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு இருந்தது. மூச்சு விட்டால்கூட அதன் முள் ஆடும் என்பதற்காகத்தான் பெட்டியாம். பெரிய பீப்பாயில் ரப்பர் வெந்துகொண்டிருந்தது, செம்புக் குழாய் வழியாக எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அந்த ஆராய்ச்சிக்காரர் கழுத்தில் துண்டோடு, தூக்கமே இல்லாத முகத்தோடு இருந்தார். ஒரு சொட்டுப் பாலைக் கண்ணாடித் துண்டில் வைத்து, உருப்பெருக்கி வழியாக எங்களை ஒவ்வொருவராகப் பார்க்கவிட்டார். பாலுக்குள் சின்னச் சின்னப் புள்ளிகள், எல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தன. யாரும் தொடவில்லை, ஆட்டவில்லை, அவை சும்மா இருக்கவும் இல்லை. நான் பிறந்ததிலிருந்து பார்க்கும் பால் அது. இப்படி என்று எனக்குத் தெரியாது. இன்னொரு முறை பார்க்கட்டுமா என்று கேட்டேன். அவர் தலையசைத்தார். மறுபடியும் பார்த்தேன். இந்த ஒரு சொட்டுக்காக இங்கேயே வேலைக்கு வந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். பார், பேராசை எனக்கு அரிசியால் மட்டும் வரவில்லை.

அப்போதுதான் வாளும் பூட்ஸுமாக ஒரு ராணுவ அதிகாரி வந்தார். ஆராய்ச்சிக்காரர் உடனே குனிந்து வணங்கினார், நாங்களும் குனிந்தோம். அன்று வடித்த எண்ணெயை அவருக்குக் காட்டினார்கள். உயரமான கண்ணாடிக் கூஜாவில் ஊற்றியிருந்தது, வெளிறிய தேநீர் நிறம். அதில் எங்கள் ஸ்டோர்க் குழாய் மாதிரியே ஒன்று மிதந்தது, அதன் காம்பில் மேலே போகப் போக எண் குறையும். ஆராய்ச்சிக்காரர் கணக்கை ஏற்கெனவே எழுதி அதிகாரியிடம் கொடுத்திருந்தார். பிறகு, பிள்ளைகள் படிப்பார்கள் பாருங்கள் என்பதுபோல் எங்கள் பக்கம் திரும்பினார். கமலம் கையைத் தூக்குவதற்குள் நான் முந்திக்கொண்டேன். ஜப்பான் மொழியில் "இருபத்தொன்று" என்றேன். ஆராய்ச்சிக்காரர் முகம் மாறியது. மாஸ்டர் என் பின்னால் வந்து மெல்லிய குரலில், "பிள்ளை, இன்னொருக்கா வடிவாப் பாரும்" என்றார்.

நான் குனியவே இல்லை, மகனே. நின்ற இடத்திலிருந்தே, இன்னும் உரக்க, "பார்த்துட்டேன் சார். இருபத்தொண்ணுதான்" என்றேன். எழுதியிருந்தது இருபத்திரண்டு. அதிகாரி ஏதோ கேட்டார். யார் சொல்வது பொய், அவரா இந்தப் பெண்ணா என்று கேட்டிருப்பார் போல. ஆராய்ச்சிக்காரர் பதில் சொல்லவில்லை. அவருக்கும் பயம். இவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று அடுத்து கேட்டது எனக்கே புரிந்தது. மாஸ்டர் முன்னால் வந்து, "நான்தான். நான் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை" என்றார். விழுந்த அறையில் அவருடைய டை தோளுக்கு மேல் போய்க் கிடந்தது. நாங்கள் கேலி செய்த அந்த டை. இரண்டாவது அறைக்குப் பிறகு பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, அவரை அங்கிருந்தே ரெம்பாவுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர் இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் கூஜாவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. அன்று முழுக்க எனக்கு மாஸ்டர் மேல்தான் கோபம். நான் பார்த்தது சரி, அவர் ஏன் என்னை விட்டுக்கொடுத்தார் என்று கமலத்திடம் முறையிட்டேன். மறுநாள் மாஸ்டரின் மனைவி பள்ளிக்கூடத்து வேலியோரம் வந்து நின்றார். "இவரைத் திங்கக்கிழமை சயாமுக்கு அனுப்பப்போறாங்களாம். அங்க என்ன நடந்தது, ஒருத்தராவது சொல்லுங்கோவன்" என்று கேட்டார். கமலம் என்னைப் பார்த்தாள். நான் களை பிடுங்கினேன். அன்று சாயங்காலம்தான் அப்பாவின் தகரப் பெட்டியிலிருந்து ஸ்டோர்க் குழாயை எடுத்து, ஊறுகாய் வைத்த கண்ணாடிச் சாடியில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டேன். குனிந்து பார்த்தேன். ஓரம் ஏறியிருந்தது, நடுவில் குழி. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. மழை நாளில் பலகையில் வரைந்த அதே படம். நான் ஓரத்தைப் பார்த்திருக்கிறேன். தெளிந்த எண்ணெயைப் பாலைப் பார்க்கிற மாதிரி பார்த்திருக்கிறேன்.

இதிலிருந்து உனக்கு ஒன்றே ஒன்று சொல்ல முடியும். பெரிய புத்தி சொல்ல எனக்கு வயதில்லை. யாராவது உன்னை இன்னொரு முறை பார் என்று சொன்னால், குரலை உயர்த்தாதே, முதுகை வளை. நீ சொன்னதே சரியாக இருந்தாலும் குனிந்து பார்த்ததால் ஒன்றும் கெட்டுப்போகாது.

எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த வாசலில் காவல்காரன் நிற்பான். நான் தனியாகப் போகும் பெண். ஜப்பான்காரன் கண்ணுக்குப் பையனாகத் தெரியட்டும் என்று அம்மா போன மாதம் என் முடியைக் கத்தரித்து விட்டிருக்கிறாள், அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொள்வேன். பத்து மைலுக்கு மேல் இருக்கும், நடந்தே போய்விடுவேன். பயந்துகொண்டே போனாலும் கால் போகும் என்று நினைக்கிறேன். எண்ணெய் தீர்கிறது. இதோடு நிறுத்துகிறேன்.

*

மகனே, நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். அன்று விடியற்காலை குழாயை எடுக்கத் தகரப் பெட்டியைத் திறந்தேன், காலியாக இருந்தது. அப்பா அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். குழாய் அவர் மடியில், பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்தது.

"எங்க கெளம்பிட்ட, என் சட்டயப் போட்டுக்கிட்டு?"

"லிங்கிக்கு."

"கமலத்தோட அப்பன் நேத்து எல்லாத்தையும் சொன்னான். நீயா வாயத் தொறப்பன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்." கொஞ்ச நேரம் குழாயைத் தடவினார். "ஏன் இத எடுக்க வந்த?"

"பால்ல இதப் போட்டுக் காட்டணும்ப்பா. பாலுக்கு ஓரம், எண்ணெய்க்குக் குழின்னு. நான் பொய் சொல்லல, மாஸ்டரும் தப்பாச் சொல்லிக்குடுக்கலன்னு அவங்களுக்குத் தெரியணும்."

"பால் எடுத்துட்டுப் போனா பாதி வழியில கட்டிடும். அங்க பால் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப குழாய் போதும். சைக்கிள்ல ஏறு. ஸ்டோர்ச் சாமானத் திருடி வச்சிருக்கான்னு சொன்னாங்கன்னா அது என் தலையோட போவட்டும். நீ கோடு பாத்தது எனக்காகத்தான்."

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். அவள் கத்தவில்லை. "அந்த மண்டோர் வீட்டு ஆளுங்க இனிமே நம்ம படி ஏற மாட்டாங்க. தெரிஞ்சுதான் போறீங்களா, ரெண்டு பேரும்?" என்று கேட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். "தெரிஞ்சுதாம்மா" என்றேன். அவள் இரண்டு துண்டு கிழங்கை வாழை இலையில் கட்டி என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எங்கள் சைக்கிளில் டயர் கிடையாது, ரப்பர் ஷீட்டை வெட்டிச் சக்கரத்தில் கட்டியிருந்தோம். ஒவ்வொரு கல்லும் எலும்பில் ஏறியது. நான் பின்னால் உட்கார்ந்து குழாயை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு போனேன். வாசலில் காவல்காரன் அதைப் பிடுங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எங்களை முட்டி போடவைத்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்பாவின் வேட்டி முழுக்கச் செம்மண். ஆராய்ச்சிக்காரர் வெளியே வந்தபோது, வழி முழுக்கச் சொல்லிப் பழகிய இரண்டு ஜப்பான் சொற்களைச் சொன்னேன்: நான், தப்பு. அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். காவல்காரனிடமிருந்து குழாயை வாங்கி அதன் கோடுகளைப் பார்த்தார், பிறகு உள்ளே வரும்படி கையைக் காட்டினார்.

நான் பேசியது குறைவு. அதே எண்ணெய்க் கூஜாவின் முன்னால் முழங்காலிட்டு, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்து, குழியின் அடியைப் படித்தேன். இருபத்திரண்டு. பிறகு ஒரு கூஜாவில் பால் ஊற்றச் சொல்லிக் கையால் காட்டினேன். எங்கள் குழாயை மிதக்கவிட்டு, ஓரத்தில் விரலை வைத்தேன். அவர் குனிந்தார். பாலுக்குள் குழியின் அடியைத் தேடினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் தேடினார். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்து, ஆங்கிலத்தில், "சொல்லிக்கொடுத்தது இவரா?" என்று கேட்டார். "இவர்தான். மாஸ்டர் இல்லை" என்றேன். அப்பா பெருமையும் பயமுமாகத் தலையாட்டினார். ஆராய்ச்சிக்காரர் மேசையில் உட்கார்ந்து ஒரு காகிதம் எழுதி முத்திரை வைத்தார். கருவிகள் பார்க்க இந்த மாஸ்டர் தனக்கு வேண்டும், வேறெங்கும் அனுப்பக் கூடாது என்பது அதன் சாரம். மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு வாயைத் திறக்காததற்கு அவருக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கும்.

அந்தக் காகிதத்தை அப்பா அன்றே, சயாமுக்கு ஆள் எடுக்கும் ரெம்பாவ் ஆபீஸில் கொடுத்துவிட்டார். மாஸ்டர் வீட்டுக்கு வந்துவிட்டார். மண்டோர் வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்து, பையனுக்கு இப்போது நேரம் சரியில்லையாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. சோற்றுத் தட்டை மட்டும் என் பக்கம் நகர்த்துகிறாள். நீ எப்போது வருவாய், யாருக்குப் பிறப்பாய் என்று இனி எனக்குத் தெரியாது. அதற்காக அழுதேன், கொஞ்சம்தான்.

இன்று திங்கட்கிழமை. மாஸ்டர் போகவில்லை என்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ரெம்பாவ் ரயில் நிலையத்துக்குப் போனேன். அப்பாவும் வந்தார். ஆட்களை வரிசையாக நிற்கவைத்து ஏற்றினார்கள். மாஸ்டர் இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் கையை விடுவித்துக்கொண்டார். "நாப்பது பேருன்னு கணக்கு. காயிதம் குடுத்தப்ப ஆபீஸ் கிராணி சொன்னான். ஒரு பேர எடுத்தா ஒரு பேரப் போடணும். யாருன்னு கேக்காதீங்கன்னான். நானும் கேக்கல" என்றார்.

நான் எண்ணினேன். நாற்பது பேர் ஏறினார்கள். கடைசியாக ஏறியவர் மற்றவர்கள் மாதிரி மூட்டை கட்டிக்கொண்டு வரவில்லை. வேலையிலிருந்து அப்படியே கூட்டிவந்த மாதிரி இருந்தார். நீலக் கட்டம் போட்ட கைலி, ஒரு காலில் மட்டும் செருப்பு, முழங்கைவரை காய்ந்த பால். வழியனுப்ப யாரும் வரவில்லை. அவர் வீட்டுக்குத் தெரியுமோ என்னவோ. வண்டி நகர்ந்தபோது எங்களைப் பார்த்து, யாரையோ தெரிந்தவர் என்று நினைத்தவர் மாதிரி, கையைப் பாதி தூக்கினார். நான் தூக்கவில்லை.

மறுபடியும் லிங்கிக்குப் போவாயா என்று நீ கேட்டால், போவேன். மாஸ்டர் செய்யாத தப்புக்கு மாஸ்டர் போகக் கூடாது. ஆனால் நான் திருத்திய தப்பின் மறுபக்கத்தில் ஓர் ஆள் நிற்கிறார், அதை மறைத்துவிட்டு உன்னிடம் நல்ல தாயாக இருக்க எனக்கு இஷ்டமில்லை. காய்ந்த பாலைப் பார்த்தால் பக்கத்துத் தோட்டத்து வெட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும். நாளை, காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில் ஆள் குறைந்திருக்கும் தோட்டம் எது என்று தேடப்போகிறேன். கோலா சாவா தோட்டத்தில் தொடங்குவேன். அங்கே இல்லையென்றால் அடுத்த தோட்டம். அவர் வீட்டைக் கண்டுபிடித்து, அவர் எந்த வண்டியில் போனார், ஏன் போனார் என்று நானே சொல்வேன். அவர்கள் என்னை என்ன சொன்னாலும் நின்று கேட்பேன். அவருடைய பெயரைக் கேட்டு வந்து இங்கே எழுதுவேன். அதற்காக இந்தத் தாளில் கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். நீ படிக்கும்போது அந்த வரி காலியாக இருந்தால், உன் தாய் தேடி முடிக்கவில்லை என்று அர்த்தம். அப்போது நீ தேடு.

பெயர்: